கறுத்த பலா நாற்காலி

1976 மார்ச் பதினெட்டாம் திகதி காலை, தோட்டத்து மருந்துச்சாலைக்கு நர்ஸ் மார்கிரட் நோயாளியாக வந்தார். இருபது வருடங்களில் அது முதல் தடவை.

வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கையில் பிறந்தவர்கள். அந்தக் கைகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாசலில் நின்றார்.

மருந்துச்சாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் அமிர்தநாதன். தொழிலாளர்கள் அவரை டாக்டரையா என்றார்கள். அவர் டாக்டர் அல்ல; மருந்து கலக்கவும் காயம் கட்டவும் படித்தவர். களவு போன பொருளையும் மறைத்து வைத்த உண்மையையும் தேடிக் கண்டுபிடிப்பதில் அவருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை மூன்று மலைகளுக்குப் பரப்பியவர் தப்பல்காரர் அழகுமுத்து. தினமும் தபால் பையுடன் ஸ்டேஷனுக்குப் போய் வரும் வழியில், ஏதாவது குற்றம் நடந்திருக்கிறதா என்று மருந்துச்சாலையில் கேட்டுவிட்டுத்தான் போவார். அன்றும் பெஞ்சில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"காட்டுங்க நர்சம்மா" என்றார் அமிர்தநாதன்.

மார்கிரட் தலைப்பை விலக்கினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, கையின் அடிப்புறம் சிவந்து தடித்திருந்தது. அதன்மேல் சிறு கொப்புளங்கள். சில உடைந்து நீர் வடிந்திருந்தது.

"எப்ப இருந்து?"

"மூணாந் தேதி அரிப்பு தொடங்கிச்சு. பதினஞ்சாந் தேதி பெரிய டாக்டர் வந்தாரு. இந்தக் கையோட பிரசவம் பார்க்கக் கூடாதுன்னுட்டாரு. ஏப்ரல் முதலாந் தேதி திரும்ப வருவாரு. அதுக்குள்ள ஆறலேன்னா வேற நர்ஸ் போடச் சொல்லி எழுதிடுவாராம்."

"அவர் சொன்னது தப்பில்ல."

"நான் தப்புன்னு சொல்லலியே. புண்ணுக் கையில புள்ளய வாங்க முடியுமா? அதான் உங்ககிட்ட வந்தேன்."

வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். மார்கிரட் அதைச் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த மற்ற இருவருக்கும் அது தெரியும்.

"ஐயா, இது செஞ்ச வேலைங்க" என்றார் அழகுமுத்து. "யாரோ மருந்துப் போத்தல்ல கலந்திருக்காங்க. வார்டுல கூட இருக்கிறது யாரு? வேலாயி."

"வேலாயி எனக்குச் சோறு ஆக்கிப் போடுறா. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு."

"சோத்துலயும் கலக்கலாங்களே."

அமிர்தநாதன் மார்கிரட்டின் கைகளைத் திருப்பினார். உள்ளங்கையில் ஒன்றுமில்லை. விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார். அங்கும் இல்லை. இரண்டு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இடது கை மோசமாக இருந்தது.

"எழுதுறது எந்தக் கையால?"

"வலது."

"பெரிய டாக்டர் எதைச் சந்தேகப்படுறார்?"

"சோப்பையும் கை கழுவுற மருந்துத் தண்ணியையும். இருபது வருஷமா அதத்தானே பாவிக்கிறேன்?"

"இந்த ரெண்டு கெழமையில எப்பவாவது கொறைஞ்சுதா?"

மார்கிரட் யோசித்தார். "கொத்மலைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அஞ்சு நாள். அங்க நல்லாக் காஞ்சிருச்சு. திரும்பி வந்து மூணாம் நாளு, பழையபடி."

"அங்க எந்த சோப்பு?"

"நம்ம சோப்புதான். பையிலயே கொண்டு போனேன். பக்கத்து லயத்துல ஒரு பொண்ணுக்குத் திடீர்னு வலி. மருந்துத் தண்ணியும் கலக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் புள்ள பொறந்தப்போ கை இவ்வளவு மோசமில்ல."

"இதுக்கு முந்தி இந்த மாதிரி?"

"ஒரே ஒருதரம். கண்டில பயிற்சியில இருந்தப்போ. கழுத்துக்குப் பின்னால, காசளவு. டோபி துணியில குறி போடுவான்ல, சரியா அந்த எடத்துல. அன்னைக்கு இருந்து என் துணிய நானே தொவச்சிக்கிறேன்."

"சாப்பாட்டுல ஏதும் சேராதா?"

"மாம்பழம். தோலு உதட்டுல பட்டா வீங்கிடும். அழகுமுத்து, சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்? நஞ்ச எதுல வச்சிருப்பாங்கன்னு யோசிக்கிறேன்."

அமிர்தநாதன் கொப்புளங்களுக்குக் களிம்பு தடவினார். கட்டுப் போட்டார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"வாங்க, வார்டைப் பார்ப்போம்."

பிரசவ வார்டு என்பது இரண்டு கட்டில்கள், ஓர் அடுப்பு, ஓர் எழுத்து மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு கைப்பிடி நாற்காலி இருந்தது. கறுப்பு. கைப்பிடியில் ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. அந்த அறையில் அதைத் தவிர வேறெதுவும் பளபளக்கவில்லை.

"இது புதுசா?"

"பொங்கலுக்கு வந்தது" என்றார் மார்கிரட். "ஃபெக்டரி ஆசாரி செல்லசாமி செஞ்சு குடுத்தான். அவன் பொண்டாட்டி பூரணிக்குப் புள்ள கால் முந்தி வந்திச்சு. ஒரு ராத்திரி, ஒரு பகல். ரெண்டு உசிரும் தப்பிச்சிச்சு. அதுக்காக."

அழகுமுத்து நாற்காலியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"நானும் யோசிச்சேங்க. ஆனா இது இல்ல. நாக்காலி பொங்கலுக்கு வந்திச்சு. அரிப்பு மார்ச்சுல. ஏழு கெழம நல்ல புள்ளயா இருந்திட்டு அப்புறமா கடிக்கும்? ரெண்டாவது, பெரிய டாக்டரும் இதுலதான் உக்காந்தாரு, என் கண்ணால பார்த்தேன். அவருக்கு ஒண்ணுமில்ல. மூணாவது, வேற ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நாக்காலிய விட்டுருங்க, வேலாயிய விசாரிங்க."

வேலாயி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது. கையில் சாக்குத் துண்டு.

"கேட்டேன், கேட்டேன்" என்றார் வேலாயி. "ஓந் தபால் பையில என்னா இருக்குன்னு நான் தோட்டம் பூரா சொல்லட்டுமா?"

அமிர்தநாதன் நாற்காலியை மேசையிலிருந்து சிறிது இழுத்தார்.

"விடுங்க வேலாயி. காலையில இருந்து நிக்கிறீங்க. இப்படி உக்காருங்க."

வேலாயி ஓரடி பின்னால் போனார்.

"ஐயோ, என்னாங்க ஐயா இது? நான் போயி அதுல..."

"யாரும் இல்லாத நேரத்துல?"

"சாமி சத்தியமா இல்லீங்க." சொல்லிக்கொண்டே தரையில் குந்தினார். "எனக்கு இதுதாங்க வசதி."

அமிர்தநாதன் அழகுமுத்துவைப் பார்த்தார். அழகுமுத்து எதற்கென்று தெரியாமல் தலையாட்டினார்.

"நாக்காலியத் தொடைக்கிறது யாரு?"

"நாந்தாங்க. இந்தச் சாக்கால. வெறுங்கைய வச்சா பளபளப்பு போயிரும்னு செல்லசாமி சொல்லிச்சு."

ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சுவெட்டர் காய்ந்தது. நீளக் கை.

"அது?"

"நர்சம்மாவோடதுங்க. இந்த மாசம் பொறந்ததும் பனி விட்டுருச்சுல்ல, கழட்டிட்டாங்க. தொவச்சுப் பொட்டியில வைக்க இன்னைக்குத்தான் வெயில் கெடச்சிச்சு."

"நர்சம்மா" என்றார் அமிர்தநாதன், "ரெண்டு நாளைக்கு நீங்க கட்டில்ல உக்காந்து எழுதுங்க. காரணம் பிறகு சொல்றேன்."

இருவரும் மலைப்பாதையில் ஃபெக்டரிக்கு இறங்கினார்கள். அழகுமுத்து வழியெல்லாம் வேலாயியின் சாக்குத் துண்டைப் பற்றிப் பேசினார்.

செல்லசாமியின் தச்சுக் கொட்டகை ஃபெக்டரிக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு முப்பது வயது இருக்கும். டாக்டரையாவைக் கண்டதும் உளியைக் கீழே வைத்து எழுந்து நின்றார்.

"நாக்காலி ஆடுதுங்களா?"

"இல்ல. நல்ல உறுதி. என்ன மரம்?"

"பலாங்க. மஸ்கெலியாவுல ஒரு பழைய வீட்டுக் கதவு. நூறு வருஷத்து மரம்."

"பலா மஞ்சளால்ல இருக்கும்?"

செல்லசாமியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்கு அவர் காத்திருந்தவர் போலிருந்தது. பலகையின் அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். திறப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் எடுத்து முழங்கை வரை தடவிக்கொண்டார்.

"கடையில வார்னிஷ் எங்கங்க இருக்கு? கப்பல்ல வந்தாத்தானே. அட்டன் முழுக்கத் தேடினேன். எங்க மாமா மட்டக்களப்புல கஜு, அதாங்க முந்திரி, வறுக்கிற எடத்துல இருக்காரு. இது கஜுக் கொட்டத் தோட்டு எண்ணெய். படகுக்குப் பூசுறதாம். பூச்சி கிட்ட வராதாம். ஒரு பூச்சு போதும்னுதான் சொன்னாரு. நர்சம்மாவுக்கு ஒரு பூச்சோட விட மனசு வரலீங்க. நாலு பூசினேன்."

"காஞ்சிருச்சா?"

"பனிக்காலமில்லீங்களா. அடுப்புப் பக்கம் பத்து நாள் வச்சிருந்தேன். தொட்டா ஒட்டல."

"கையில எதுக்கு எண்ணெய்?"

"பச்சையாப் பட்டா வெந்திரும்க. காஞ்சா ஒண்ணும் பண்ணாது."

அமிர்தநாதன் போத்தலைத் தொடவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு உதவி செய்யணும். பலாவுல நாலு சின்னத் துண்டு. நகம் அளவு போதும். ஒண்ணு இந்த எண்ணெய் பூசி மிஞ்சின பலகையில வெட்டுங்க. ஒண்ணுக்கு ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கு. ஒண்ணுக்குத் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் உருக்கித் தேய்ச்சது. நாலாவது ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும், பழசா இருந்தா நல்லது."

"அதுக்குத் துரை பங்களா அலமாரித் துண்டு ஒண்ணு கெடக்குதுங்க. எதுக்குங்க இதெல்லாம்?"

"ஒரு பரீட்சைக்கு."

திரும்பும் வழியில் அழகுமுத்து மூச்சு வாங்கினார். "நாக்காலிதாங்களா? நான் மூணு காரணம் சொன்னேனே."

"மூணும் நல்ல காரணம். அதனாலதான் இன்னும் ஒண்ணும் சொல்லாம இருக்கேன்."

சனிக்கிழமை காலை ஆறு சந்தேக நபர்களையும் வரிசையில் நிறுத்தினார் அமிர்தநாதன். நான்கு மரத்துண்டுகள், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று, மருந்துத் தண்ணீரில் நனைத்த துணி ஒன்று. ஆறையும் மார்கிரட்டின் மேற்கைகளின் உட்புறத்தில், புண் இல்லாத தோலில், பக்கத்துக்கு மூன்றாக வேலாயி பிளாஸ்டரால் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். எது எந்த இலக்கம் என்பது அமிர்தநாதனின் சட்டைப்பையில் இருந்த காகிதத்தில் மட்டும் இருந்தது.

"ஒண்ணு கடிக்கும்" என்றார் அவர். "தாங்குவீங்களா? ரொம்ப எரிஞ்சா உடனே பிச்சிருங்க."

"ஒட்டுங்க" என்றார் மார்கிரட். "நான் பார்க்காத வலியா?"

திங்கட்கிழமை காலை வார்டில் ஐந்து பேர் இருந்தார்கள். செல்லசாமியை அமிர்தநாதன் ஆள் அனுப்பி அழைத்திருந்தார். அவர் வாசலில் நின்றார். வேலாயி பிளாஸ்டர்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

முதலாவது, சுத்தம். இரண்டாவது, சுத்தம். மூன்றாவதை எடுத்ததும் வேலாயி "அம்மாடி" என்றார். நகமளவு சிவப்பு, தடித்து, நடுவில் நான்கு கொப்புளங்கள். நான்காவது, சுத்தம். ஐந்தாவதில் வெளிறிய ஒரு சிவப்பு. ஆறாவது, சுத்தம்.

அமிர்தநாதன் காகிதத்தை மேசையில் வைத்தார்.

"மூணு, நாக்காலிப் பூச்சு. அஞ்சு, டர்பன்டைன் கலந்தது. அதுவும் இவங்களுக்கு வேணாம். சோப்பும் மருந்துத் தண்ணியும் குத்தமில்லாதவங்க. அத மொத நாளே யோசிச்சிருக்கலாம். சோப்புக் குத்தவாளின்னா விரல் இடுக்குலதான் தொடங்கும். அங்க ஒண்ணுமில்ல. கொத்மலையிலயும் அதே சோப்பு. ஆனா அங்க காஞ்சிச்சு. அப்ப குத்தவாளி கொத்மலைக்குப் போகல. இங்கேயே இருந்திச்சு."

"இடது கை?" என்றார் மார்கிரட்.

"எழுதுறப்போ வலது கை மேசையில. இடது கை கைப்பிடியில."

அழகுமுத்துவால் பொறுக்க முடியவில்லை. "அப்ப ஏழு கெழம? அதச் சொல்லுங்க!"

"கொடியில காஞ்சதே சுவெட்டர், அதுதான் பதில். பொங்கல்ல இருந்து மார்ச் வரைக்கும் நாக்காலிக்கும் தோலுக்கும் நடுவுல கம்பளி இருந்திச்சு. கழட்டின ரெண்டு மூணு நாள்ல அரிப்பு. பெரிய டாக்டர் கோட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்தார். அதுவும் ஒருதரம்."

"மத்தவங்க?"

"எந்த மத்தவங்க? ரெண்டு மாசத்துல இதுல உக்காந்தவங்க பேரச் சொல்லுங்க அழகுமுத்து."

அழகுமுத்து எண்ணுவதற்கு விரல்களை நீட்டினார். மடக்கினார்.

"நர்சம்மா நாக்காலியில யாருங்க உக்காருவாங்க?" என்றார் கடைசியில்.

"அதுதான். நீங்க என்கிட்ட பத்து வருஷமா வாறீங்க. ஒருநாள் கூட பெஞ்சில உக்காந்ததில்ல. இங்க ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. யாருக்கும் வரலைங்கிறது நாக்காலிக்குச் சாட்சியே இல்ல. அதத் தொட்ட தோலு ஒண்ணே ஒண்ணுதான்."

அமிர்தநாதன் மார்கிரட்டின் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தோலும் லேசான தோலில்ல. டோபி குறி போடுறது சேங்கொட்டைச் சாறால. சேங்கொட்ட, மா, கஜு, மூணும் ஒரே குடும்பத்து மரம். மூணுலயும் ஒரே மாதிரி எண்ணெய். கண்டியில கழுத்துல பட்டதத் தோலு மறக்கல. இன்னொருத்தர் உக்காந்தா ஒண்ணும் ஆகாமப் போகலாம். நல்லா வெயில்ல காஞ்சிருந்தா இவங்களுக்கும் இவ்வளவு வந்திருக்காது. பனியில மேல மட்டும் காஞ்சிருக்கு. கைச் சூட்டுக்கு உள்ள இருக்கிறது கசியுது. நாலு பூச்சு."

செல்லசாமி அந்த வார்த்தையில் தலை குனிந்தார். உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"செல்லசாமி" என்றார் மார்கிரட்.

"எரிச்சிர்றேங்க."

"எரிக்கக் கூடாது" என்றார் அமிர்தநாதன் உடனே. "அந்தப் புகையும் தோலச் சுடும். சுரண்டவும் கூடாது, தூள் கண்ணுல படும். கைப்பிடி ரெண்டையும் கழட்டிப் புதுசா செய்யுங்க. கழட்டினத மண்ணுல புதைங்க. மத்த எடத்துக்கு மேல அரக்கு ரெண்டு பூச்சு. கைப்பிடிக்கு அரக்கு இல்லேன்னா மெழுகு, ரெண்டும் இவங்களுக்குச் சேருது. பூசினதும் கொண்டு வராதீங்க. நல்லாக் காயட்டும். அப்புறம் மறுபடி ஒரு துண்டு கையில கட்டி, ரெண்டு நாள் பார்த்திட்டுத்தான். எல்லாருக்கும் ஆகிற பூச்சுன்னு ஒண்ணு கெடையாது. உக்காரப் போறவங்களத்தான் கேக்கணும்."

செல்லசாமி கேட்டாரா என்று தெரியவில்லை. நாற்காலி மலைப்பாதையில் கறுப்பாக இறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது.

"வேலாயி" என்றார் அழகுமுத்து சிறிது நேரம் கழித்து.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. ஒரு தேத்தண்ணி ஊத்துறியா?"

"ஊத்துறேன். அதுல என்னா கலக்க?"

ஏப்ரல் முதலாம் திகதி பெரிய டாக்டர் வந்தார். மார்கிரட்டின் கைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய தோல் உரிந்து, கீழே புதுத்தோல் வெளிறித் தெரிந்தது. வெடிப்பில்லை, ஈரமில்லை. அமிர்தநாதனின் ஆறு இலக்கக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். பிறகு, நர்ஸ் வேலைக்குத் தகுதி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

மார்கிரட் அமிர்தநாதனிடம் வந்தார். நன்றி சொல்லத்தான் வந்தார். ஆனால் வாசலில் நின்று, லயத்துக்கு இறங்கும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க" என்றார் அமிர்தநாதன். "இங்க இல்ல. அங்க போகணும் நீங்க."

"ஆமா" என்றார் மார்கிரட்.

மாலைப் பெரட்டில் ஆள் கணக்கு முடிந்து தொழிலாளர்கள் திரும்பும் நேரம். நர்சம்மா லயத்துக்கு இறங்கி வருவதைக் கண்டு பெண்கள் யாருக்கு வலி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர் லயத்து வரிசையில் செல்லசாமி குடியிருந்த காம்பரா அறைக்கு முன்னால் நின்றார். பூரணி பிள்ளையுடன் வெளியே வந்தார். செல்லசாமி பின்னால் வந்து கதவோரம் நின்றுகொண்டார். பத்து நாட்களாக அவர் வார்டுப் பக்கம் போகவில்லை.

"டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார் மார்கிரட். "நாளையில இருந்து வேலை."

"மாதாவே" என்றார் பூரணி. அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நர்சம்மாவின் சாமியை அழைப்பதுதான் மரியாதை என்று நினைத்திருக்கலாம்.

செல்லசாமி நிலத்தைப் பார்த்தார். "என்னால உங்க வேலையே போயிருக்கும்க."

"போயிருக்கும்." மார்கிரட் பிள்ளையை வாங்கி இடது கையில் படுக்க வைத்தார். "இருபது வருஷமா இந்தத் தோட்டத்துல நிக்கிறேன் செல்லசாமி. கோழி குடுத்தாங்க. வாழைத்தாரு குடுத்தாங்க. ஒருத்தர் பசுங்கன்னு கொண்டுவந்து கட்டிட்டுப் போனாரு, நான் எங்க வளர்க்க? எல்லாம் பாசந்தான். ஆனா நர்சம்மா, கொஞ்சம் உக்காருங்கன்னு சொல்ல உனக்கு மட்டுந்தான் தோணிச்சு. அத நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மறக்க முடியுமா?"

செல்லசாமி கண்ணைத் துடைத்தார்.

"கைப்பிடி செஞ்சிட்டேங்க" என்றார் மெதுவாக. "மெழுகுதான். எட்டு நாளாக் காயுது. கொண்டு வர்றதா வேணாமான்னு..."

"துண்டு எங்க?"

செல்லசாமி உள்ளே ஓடினார். நகமளவு பலாத் துண்டுடன் திரும்பினார். மஞ்சளாக இருந்தது. மார்கிரட் மேற்கையை நீட்டினார்.

"பூரணி, ஒரு துணிக் கிழிசல் கொண்டா. இங்கயே கட்டு. ரெண்டு நாள். சனிக்கிழம நாக்காலி வந்து சேரணும். கட்டில்ல குந்தி எழுதி எனக்கு இடுப்பே போச்சு."